நானூறு பேர் படிக்கும் கல்லூரியில் கலை விழா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாவட்டத் தலைநகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். மொத்தம் நானூறு மாணவர்கள். பெரும்பாலோர் மாலை மூன்றரை மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டியவர்கள். இந்த ஆண்டு நுண்கலை மன்றப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

எங்கள் கல்லூரியில் கலை என்பது பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள். பந்தல், வாடகை மைக் செட், சின்னத்திரையிலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர், ஒலிப்பதிவுக்கு ஆடும் பதினைந்து திரைப்பாடல் நடனங்கள், கோலப்போட்டி, பரிசளிப்பு. மேடையேறுவோர் ஆண்டுதோறும் அதே முப்பது பேர். மற்றவர்கள் மதிய உணவுக்குப் பின் கலைந்துவிடுகிறார்கள். செலவில் பெரும்பகுதி விருந்தினருக்கும் பந்தலுக்கும் போய்விடுகிறது. இதை மாற்றலாமே என்று கேட்டால், “பெரிய கல்லூரிகளில் அரங்கம் இருக்கிறது, இசைத்துறை இருக்கிறது, நம்மிடம் என்ன இருக்கிறது?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. எனக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது.

சிறிய கல்லூரி ஒன்றில் கலை நிகழ்ச்சிகள் உருப்படியாக நடக்க முடியுமா? எங்கேயாவது நடந்திருக்கிறதா?

அன்புடன்,
ஒரு வாசகி
(பெயரும் கல்லூரியும் அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்க்கப்பட்டுள்ளன.)

*

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடந்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் நான்கில் ஒரு பங்கு மாணவர்கள்கூட இல்லாத ஓர் இடத்தில் நடந்திருக்கிறது. அங்கே அரங்கம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை; சாப்பாட்டுக்கூடம்தான் அரங்கம். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சிறியதாக இருந்தும் அவர்கள் சாதித்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கோ, சிறியதாக இருந்ததால்தான் அது அங்கே நடந்தது என்று தோன்றுகிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மலைப்பகுதியில் 1933இல் பிளாக் மவுண்டன் கல்லூரி தொடங்கப்பட்டது. வேறொரு கல்லூரியின் நிர்வாகத்தோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்ட ஜான் ஆண்ட்ரூ ரைஸ் என்ற ஆசிரியரும் அவருடன் வந்த சிலரும் அதைத் தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகள் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் அதைக் காலிசெய்து கொடுக்க வேண்டியிருந்தது. கல்லூரி இயங்கிய இருபத்து நான்கு ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தபோதும் நூறை ஒட்டியே நின்றது, பல ஆண்டுகளில் அதற்கும் வெகு கீழே. அதே 1933இல் ஜெர்மனியில் நாஜிகளின் நெருக்கடியால் பௌஹவுஸ் கலைப்பள்ளி மூடப்பட, அங்கிருந்து ஓவியர் யோசப் ஆல்பர்ஸும் அவர் மனைவியான நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தபோது யோசப் ஆல்பர்ஸுக்கு ஆங்கிலம் சரியாகப் பேச வராது. ஆனாலும் ஓவிய வகுப்பு அந்தக் கல்லூரியின் மையமாயிற்று. ஓவியர்களை உருவாக்குவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. பார்க்கக் கற்றுக்கொடுப்பதே நோக்கம் என்பதால், எதைப் படிக்க வந்த மாணவரும் அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்.

அங்கே சனிக்கிழமை மாலைக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. வாரம் முழுக்க வேலை உடையில் திரிந்தவர்கள் அன்று மட்டும் நல்ல உடை உடுத்தி உணவுக்கு வருவார்கள். அதன் பிறகு ஒரு கச்சேரியோ, நாடகமோ, நடனமோ நடக்கும். இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் மாணவரும் ஐரோப்பாவில் பெயர்பெற்ற இசை நடத்துநருமான ஹைன்ரிக் யலோவெட்ஸ் அங்கே ஆசிரியராக இருந்தார். பகலில் அந்தக் கல்லூரியின் பண்ணையில் வேலை செய்தவர்களும், ஏரிக்கரையில் வாங்கிய சொந்த நிலத்தில் 1940இல் தங்கள் கைகளாலேயே வகுப்புக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கியவர்களும்தான் அந்த இசையைக் கேட்டார்கள், அவர்களிலேயே பலர் அதில் பங்கும் கொண்டார்கள்.

நீங்கள் விருந்தினருக்குப் போகும் பணத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 1948 வசந்தத்தில் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் அந்தக் கல்லூரிக்கு வந்தார்கள். அன்று இருவருமே இளைஞர்கள். பிற்கால உலகப் புகழ் இன்னும் வந்திருக்கவில்லை. கொடுப்பதற்குக் கல்லூரியிடம் பணம் இல்லை. தங்க இடமும் உணவும் மட்டும் கொடுத்தார்கள். சில நாட்கள் இருந்து, நிகழ்ச்சி நடத்தி, மாணவர்களோடு பேசி முடித்து அவர்கள் புறப்பட்டுக் காரை நகர்த்தியபோது, காருக்கடியில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஓவியங்களையும் உணவுப் பொருள்களையும் பரிசாகக் குவித்து வைத்திருந்தது தெரிந்தது. கேஜ் இதைப் பின்னாளில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கோடையிலேயே இருவரும் மீண்டும் அங்கே வந்தார்கள்.

அந்தக் கோடையில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு மிகப் பொருத்தமானது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தி எழுதிய ஒரு சிறு நகைச்சுவை நாடகத்தைப் போடுவது என்று முடிவாயிற்று. முக்கியப் பாத்திரமான பிரபுவாக நடிக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது பக்மின்ஸ்டர் ஃபுல்லரை. கட்டட வடிவமைப்பிலும் பொறியியலிலும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவர், அந்தக் கோடையில் மாணவர்களோடு சேர்ந்து மெல்லிய உலோகப் பட்டைகளால் ஒரு குவிமாடத்தை நிறுத்த முயன்றார், அது எழும்பவில்லை. எல்லோர் முன்னாலும் தோற்க அஞ்சாத அந்த மனிதர் நடிக்க அஞ்சினார். இயக்கும் பொறுப்பை ஏற்றிருந்தவர்களில் ஒருவரான ஆர்தர் பென் என்ற மாணவர், அவரைத் தரையில் உருளவும் காரணமின்றிச் சிரிக்கவும் வைத்துக் கூச்சத்தைப் போக்கினார். ஓவியர் வில்லெம் டி கூனிங் மேடைப் பொருள்களுக்கு வண்ணம் தீட்டினார், அவர் மனைவி எலைன் நடித்தார், கன்னிங்ஹாம் குரங்காக ஆடினார், கேஜ் பியானோ வாசித்தார். அந்த மாணவர் பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரானார். ஆனால் இந்தப் பெயர்கள் புகழ்பெற்றவை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நடிக்கத் தெரியாத ஓர் ஆசிரியரைப் பிடித்து வந்து, ஒரு மாணவர் நடிப்புச் சொல்லிக்கொடுத்து, எல்லோரும் பார்க்க மேடையேற்றினார் என்பதற்காகவே சொல்கிறேன். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில்தான் இது நடக்கும். ஐயாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் தேர்வுக்குழு ஒன்று அமரும், திறமையானவர்களைப் பொறுக்கி எடுக்கும், மீதிப்பேர் நாற்காலியில் உட்காருவார்கள்.

1952 கோடையில் அதே சாப்பாட்டுக்கூடத்தில், நாற்காலிகளை நான்கு முக்கோணங்களாக நடுவை நோக்கிப் போட்டு, ஒரே நேரத்தில் ஒருவர் ஏணிமீது நின்று கவிதை படிக்க, ஒருவர் பியானோ வாசிக்க, கன்னிங்ஹாம் இருக்கைகளுக்கு இடையே ஆடிச்செல்ல, மேலே வெறும் வெள்ளை ஓவியங்கள் தொங்க, கேஜ் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நவீன நிகழ்த்துகலையின் வரலாறு எழுதுவோர் பலர் இன்றும் அதை ஒரு முக்கியத் தொடக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். கடன் மிகுந்து 1957இல் கல்லூரி மூடப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலை அந்த நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

அது தொலைதூரக் கதை, அங்கிருந்தவர்கள் மேதைகள் என்று உங்கள் சக ஆசிரியர்கள் சொல்லலாம். அருகிலேயே வருகிறேன். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்தில் ஹெக்கோடு என்ற பாக்குத்தோட்ட ஊரில், கே. வி. சுப்பண்ணாவும் அவருடைய நண்பர்களும் 1949இல் தொடங்கிய நீநாசம் என்ற நாடக அமைப்பு, ஊர் விவசாயிகளையே நடிகர்களாகவும் பார்வையாளர்களாகவும் கொண்டு வளர்ந்து, 1980இல் ஒரு நாடகப் பள்ளியாகவும் ஆயிற்று. நம்மிடமே, 1947இல் தி. சு. சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் என்ற கிராமியக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர். திண்டுக்கல் பக்கத்துக் கிராமச் சூழலில் இருந்த அந்த வளாகத்தில், அங்கே ஆசிரியராக இருந்த சே. இராமானுஜம் 1977இல் நடத்திய நாடகப் பயிற்சி முகாம், தமிழ் நவீன நாடகத்தில் அடுத்து வந்த பலருக்குத் தொடக்கமாக அமைந்தது. சென்னையின் பெரிய அரங்குகள் எதிலும் அது நடக்கவில்லை.

“நம்மிடம் என்ன இருக்கிறது?” என்ற கேள்விக்கு என் சொந்த அனுபவத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன். நான் படித்ததும் உங்களுடையதைப் போன்ற ஒரு சிறிய கல்லூரியில்தான். வேதியியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கிவைக்கும் உதவியாளர் ஒருவர் இருந்தார். மூன்று ஆண்டுகள் அவரோடு பழகியும், அமிலக் குப்பி எங்கே என்பதைத் தவிர நாங்கள் எதுவும் கேட்டதில்லை. இறுதியாண்டில் ஒரு நண்பனின் ஊரில் திரௌபதியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தோம். பதினெட்டாம் போர் கூத்து. விடியும் நேரத்தில் புஜகீர்த்தியும் கிரீடமும் கட்டித் துரியோதனனாகத் திரையை விலக்கி வந்து நின்றவர் அவர். அந்தக் குரலை மூன்று ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் வைத்துக்கொண்டு, கலை விழாவுக்கு வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பொன்னாடை போர்த்தியிருந்தோம். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

ஆகவே முதல் வேலையாக ஒரு பெயர்ப்பட்டியல் எடுங்கள் என்பேன். மாணவர், ஆசிரியர், அலுவலகப் பணியாளர், காவலர், பேருந்து ஓட்டுநர், உணவகத்தில் வேலை செய்வோர் என யாரையும் விடாமல் கேளுங்கள். பறை அடிப்பவர், ஒப்பாரி தெரிந்தவர், தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பவர், கும்மிப் பாட்டு நூறு தெரிந்த பாட்டி உள்ள மாணவி என்று நானூறு பேருள்ள இடத்தில் கட்டாயம் இருப்பார்கள்.

இரண்டாவதாக, ஆண்டில் ஒரு நாளை நம்பாதீர்கள். பேருந்து மூன்றரை மணிக்கு என்றால், வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பாடவேளையைக் கேட்டு வாங்குங்கள். புதன்கிழமை என்றால் எப்போதும் புதன்கிழமை. ஒரு மரத்தடியோ ஒரு வகுப்பறையோ போதும், ஆனால் இடம் மாறக்கூடாது. மைக் வேண்டாம். பரிசு வேண்டவே வேண்டாம். பரிசு இருக்கும் இடத்தில் தோற்பவர்கள் இருப்பார்கள், தோற்றவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். முதல் நான்கைந்து வாரங்களுக்குப் பத்துப் பேர் வந்தாலே போதுமென்று வைத்துக்கொள்ளுங்கள். திரைப்பாடலைத் தடைசெய்யாதீர்கள், அது அவர்கள் உண்மையாகவே நேசிக்கும் இசை. ஒலிப்பதிவுக்கு ஆடுவதை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் பாட, ஒருவர் மேசையில் தாளம் போட, மற்றவர் ஆடட்டும். சுருதி விலகும், அடி தவறும். அந்தத் தவறுகளைத் திருத்தத் தொடங்கும்போது ஒத்திகை என்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியவரும்.

மூன்றாவது, பணம். பிப்ரவரி விழாவை நிர்வாகம் விடாது, அது இருக்கட்டும். விருந்தினருக்கென ஒதுக்கும் தொகையைக் கொண்டு ஒரு தெருக்கூத்துக் குழுவை அழையுங்கள், ஆனால் இரண்டு நாட்களுக்கு அழையுங்கள். முதல் நாள் அவர்கள் மாணவர்களுக்கு அடவு சொல்லிக்கொடுக்கட்டும். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடி பதித்த அணிகலன்களைக் கையில் தந்து காட்டட்டும். ஒப்பனை போடுவதை மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டாம் நாள் கூத்து. இரவு முழுக்க நடத்த உங்கள் பேருந்து இடங்கொடுக்காது என்பதால், பகலில் நடத்தக்கூடிய ஒரு பகுதியைக் குழுவின் வாத்தியாரோடு பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். மேடையைவிட, மூன்று பக்கமும் மாணவர்கள் அமர்ந்த வெறுந்தரையே அதற்கு ஏற்றது. பந்தல் செலவும் மிஞ்சும்.

கடைசியாக, பாடவும் ஆடவும் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கணித ஆசிரியர். தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில் நம் வீட்டு வாசல் கோலங்களைக் கணிதமாக ஆராய்ந்தார்கள். கோலம் வளரும் விதிகளை மொழியின் இலக்கணம்போல எழுதி, கணினி அறிவியலின் கோட்பாட்டுக்குள் அதைக் கொண்டுசென்றார்கள். உலகின் பல பகுதிகளில் கோலத்தை ஆராய்பவர்கள் இன்றும் அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறார்கள். உங்கள் விழாவில் மதிப்பெண் போட்டுப் பரிசு கொடுக்கும் கோலப்போட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னீர்கள். அதை இந்த ஆண்டு நிறுத்திவிட்டு, முதல் புதன்கிழமைக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வாசலில் காலையில் கோலமிடும் பணியாளர் அம்மாவை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் ஒரு சிக்குக் கோலம் போடச் சொல்லுங்கள். புள்ளிகளைச் சுற்றி வரும் கம்பி ஒரே கம்பியாகத் தொடங்கிய இடத்தில் வந்து முடிவது எப்போது, இரண்டு மூன்று கம்பிகள் தேவைப்படுவது எப்போது என்பதை அவர் போடப்போடப் பக்கத்திலிருந்து நீங்கள் விளக்குங்கள். பிறகு மாவை மாணவர்கள் கையில் கொடுங்கள், பையன்கள் கையிலும்தான். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்பதை அந்த அம்மாவே முடிவுசெய்யட்டும். அன்று எப்படி நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.