நாடகத்தை நம்பி யாழ்ப்பாணத்தில சீவிக்கலாமோ? கேட்டவைக்கு என்ர பதில்கள்

நாடகத்தைத் தொழிலா எடுக்கிறதைப் பற்றி கனபேர் கேட்டு எழுதியிருந்தியள், எல்லாத்தையும் சேர்த்து வச்சு இண்டைக்கு ஒரேயடியா இருந்து பதில் எழுதுறன். என்னைத் தெரியாதவைக்கு: நான் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு நாடகம் பழக்கிறன், ஒரு சின்னக் குழுவோட ஊரூராப் போய் நாடகம் போடுறன். கூடுதலா வந்தது காசுக் கேள்விதான், அதில இருந்தே தொடங்குவம்.

சுன்னாகத்தில இருந்து ஒரு தம்பி: ஏ.எல் (உயர்தரம்) முடிச்சிட்டன். நாடகம்தான் செய்யோணும் எண்டு நிக்கிறன், வீட்டில அது சோறு போடுமோ எண்டு கேக்கினம். உண்மையைச் சொல்லுங்கோ அக்கா.

நடிப்புக்கு மட்டும் மாதச் சம்பளம் வரும் எண்டு இஞ்ச நம்பி இருக்க ஏலாது தம்பி. ஆனா நாடகம் தெரிஞ்ச ஆளுக்கு நாலைஞ்சு பக்கத்தால காசு வரும். தமிழ்மொழித் தினப் போட்டி வந்தா பள்ளிக்கூடங்கள் நாடகம் பழக்க ஆள் தேடும், சிறுவர் பட்டறை வைக்கலாம், தொண்டு நிறுவனங்கள் விழிப்புணர்வு நாடகம் கேக்கும், விளம்பரத்துக்குக் குரல் குடுக்கலாம், குறும்படப் பெடியளுக்கு நடிகரைப் பழக்கி விடலாம். குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயாவே வாத்தியார் வேலை பாத்துக்கொண்டுதான் அவ்வளவு நாடகமும் எழுதினவர், 1978இல நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினவர். வீட்டில கேட்டா இந்த வருமானங்களை ஒரு கொப்பியில எழுதிக் காட்டுங்கோ, எந்த மாதம் எது வரும் எது வராது எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ. பரீட்சைக் காலத்தில பள்ளிக்கூட வேலை ஒண்டும் இருக்காது, அந்த மாதத்துக்கு முதலே காசு ஒதுக்கி வைக்கோணும். அம்மா அப்பா பயப்பிடுறது நாடகத்துக்கு இல்லை, கணக்கில்லாத சீவியத்துக்குத்தான்.

கோண்டாவிலில இருந்து ஒரு குழு: மாதக்கணக்கா ஒத்திகை பாத்து மேடை ஏத்தினம். நல்ல கைதட்டல். ஆனா ஒரே மேடையோட முடிஞ்சுது. எங்கட நாடகங்கள் ஏன் ஓடுறேல்லை?

நான் எல்லாருக்கும் சொல்ல நினைச்ச விசயமே இதுதான், அதால நீளமா எழுதுறன், குறை நினைக்காதேங்கோ.

நாங்கள் ஒரு விழாவுக்கெண்டு நாடகம் செய்யிறம். விழா முடிய உடுப்பு ஒரு வீட்டில, செற் இன்னொரு வீட்டில, நடிகர் ஆளுக்கொரு பக்கம். திரும்பவும் அடுத்த விழாவுக்கு முதலில இருந்து. இப்பிடிச் செய்தா காசும் வராது, நடிப்பும் வளராது. நடிகவேள் எம்.ஆர். ராதா மாதிரி ஆக்களைப் பற்றிக் கதைக்கிறதை விடுங்கோ, எங்கட ஊர் நடிகமணி வி.வி. வைரமுத்துவைப் பாருங்கோ. அரிச்சந்திரன் கதையான மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான மேடையில ஆடினவர், சனம் கதை தெரிஞ்சுகொண்டே விடிய விடிய வந்து இருந்து பாத்தது. ஒரே அரிச்சந்திரன்தான், ஆனா அவ்வளவு தரம் ஆடின குரலும் உடம்பும் ஒரு மேடையோட வராது. 1985இல மண் சுமந்த மேனியர் எண்ட நாடகத்தை பல்கலைக்கழகப் பெடியள், சிதம்பரநாதன் சேரின்ர நெறியாள்கையில, ஊரூராக் கொண்டு போனவை. அது மண்டபத்துக்குள்ள ஒரு நாளோட நிண்டிருந்தா இண்டைக்கு நாங்கள் அதைக் கதைச்சுக்கொண்டிருக்க மாட்டம்.

அதால எழுதேக்கையே ஓடுற மாதிரி எழுதுங்கோ. செற் முழுக்க ஒரு வானுக்குள்ள அடங்கோணும், ஆக்களோட சேர்த்து. லைற் இல்லாட்டியும் பகல் வெளிச்சத்தில பள்ளிக்கூட மண்டபத்தில போடக்கூடியதா இருக்கோணும். ஆக்கள் குறைவா வையுங்கோ, ஒராளுக்குக் காய்ச்சல் எண்டா மற்ற ஆள் பாக்கிற மாதிரி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இன்னொராளையும் பழக்குங்கோ. ஒரே நாடகத்தை ஒரு மணித்தியாலத்துக்கும் செய்யத் தெரியோணும், பள்ளிக்கூடம் ரெண்டு பாடவேளைதான் தரும் எண்டா சுருக்கிச் செய்யவும் தெரியோணும். முதல் மேடைக்கு நாள் குறிக்க முதல் மற்ற மேடையளைக் கேட்டு வையுங்கோ, கோயில் திருவிழாக் குழு, பங்குத் தந்தை, சனசமூக நிலையம், அதிபர்மார், எல்லாரிட்டையும் நேர போய்க் கதைக்கோணும், வட்ஸ்அப்பில போஸ்டர் அனுப்பினா வேலை நடக்காது. நாடகம் முடிஞ்ச உடன சனம் இன்னும் கதிரையில இருக்கேக்கை பக்கத்து ஊர்க்காரர் ஆராவது நிப்பினம், அவையிட்ட அங்கயே கேளுங்கோ.

பெரிய மண்டபத்துக்கு அவசரப்படாதேங்கோ. புதுக் கலாசார மையம் வடிவான இடம், 2023இல திறந்தது, அறுநூறு பேர் மட்டில இருக்கலாம், ஆனா நூறு பேர் வந்து அங்க இருந்தா நடிக்கிறவைக்கும் மனம் விழுந்து போகும், பாக்கிறவைக்கும் அப்பிடித்தான். அதே நூறு பேர் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில நிறைஞ்சு இருப்பினம்.

ஒரு ஏ.எல் மாணவி: எங்க படிக்கலாம்? பட்டம் கட்டாயமோ?

நடிக்கிறதுக்கு பட்டம் தேவையில்லை, ஆனா அரச பள்ளிக்கூடத்தில ரீச்சர் வேலை எடுக்க அது உதவும், அந்த நிரந்தரச் சம்பளம் உங்கட நாடகத்தைக் காப்பாத்தும். ஏ.எல்லில நாடகமும் அரங்கியலும் பாடம் இருக்கு, பேந்து யாழ் பல்கலைக்கழகத்திலயும் மட்டக்களப்பில சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலயும் படிக்கலாம். மட்டக்களப்பு எண்டா தூரம் எண்டு ஒதுக்காதேங்கோ, அங்க போனா கூத்து ஊருக்குள்ள ஆடுறதைக் கண்ணால பாப்பியள். இந்தியாவில படிக்க ஆசையெண்டா புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில சங்கரதாஸ் சுவாமிகள் பேரில நிகழ்கலைப் பள்ளி ஒண்டிருக்கு, யாழ்ப்பாணத்தில இருக்கிற இந்தியத் துணைத்தூதரகத்தில புலமைப்பரிசில் விபரம் கேக்கலாம். படிக்கேக்கை ஒரு குழுவோடயும் சேர்ந்து நில்லுங்கோ, குறிப்புப் பாடமாக்கி மட்டும் மேடை வராது.

தங்கச்சி ஒராள், ஊர் சொல்லேல்லை: நடிக்க ஆசை, ஒத்திகை முடிய இரவாகுது, வீட்டில விடமாட்டினம்.

உங்களில ஒரு பிழையும் இல்லை தங்கச்சி, குழுதான் மாறோணும். இண்டைக்கு நாடகம் படிக்கிற பிள்ளையளில பெட்டையள் கனபேர், ஆனா ஒத்திகை இன்னும் பெடியளின்ர வசதிக்குத்தான் வைக்கினம். பின்நேரம் நாலு மணிக்குத் தொடங்கி இருட்ட முதல் முடிக்கலாம், சனி ஞாயிறு காலமை வைக்கலாம். வெளியூர் மேடை எண்டா வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு போய் விடுறது குழுவின்ர பொறுப்பு, அந்த வான் காசு முதல் நாளே பட்ஜெற்றில இருக்கோணும். நெறியாளர் வீட்டுக்கு வந்து அம்மா அப்பாவோட கதைக்கோணும், ஒத்திகைக்கு அவை எப்ப வேணுமெண்டாலும் வந்து இருக்கலாம் எண்டு சொல்லோணும். இதுக்கு ஒத்துவராத குழுவெண்டா, எவ்வளவு பேர் பெற்ற குழுவா இருந்தாலும் போகாதேங்கோ. ஒத்திகையில உங்களுக்குப் பிடிக்காத மாதிரி ஆராவது தொட்டா கதைச்சா அங்கயே நிப்பாட்டச் சொல்லுங்கோ, கலைக்காகப் பொறுக்கோணும் எண்டு சொல்லுறவைய நம்பாதேங்கோ.

வட்டுக்கோட்டையில இருந்து: எங்கட அப்பப்பா கூத்துப் பழக்கிற அண்ணாவியார். நான் கூத்தை விட்டுட்டு நவீன நாடகத்துக்குப் போனாத்தான் எதிர்காலமோ?

விடாதேங்கோ, கெஞ்சிக் கேக்கிறன். உங்களிட்ட இருக்கிறது மற்றவை வருசக்கணக்காப் பழகியும் எடுக்க ஏலாத தாளமும் குரலும். பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டு வந்தவர், 1962இல கர்ணன் போர், 1964இல இராவணேசன், அதில ஆடின மாணவர் மௌனகுரு பேந்து பேராசிரியராகி அந்த இராவணேசனைத் தானே புதுசாத் தயாரிச்சவர். கூத்துக்குள்ள நிண்டுகொண்டே ஒரு முழுச் சீவியமும் செய்யலாம் எண்டதுக்கு அவர் கண்முன்னால இருக்கிறார். நவீன நாடகமும் பழகுங்கோ, வசனம் பேசுற முறை வேற, அதுவும் வேணும். ஆனா முதல் வேலையா அப்பப்பாட்ட இருக்கிற ஏட்டுக் கொப்பியளை ஃபோனில படமெடுத்து வையுங்கோ, அவர் பாடுறதை ஒலிப்பதிவு செய்யுங்கோ. இந்தக் கிழமையே செய்யுங்கோ.

கொக்குவிலில இருந்து: கொழும்புக்கோ சென்னைக்கோ போனால்தானே முன்னுக்கு வரலாம்?

போய்ப் பழகுங்கோ, நல்லது. கொழும்பில லயனல் வென்ட் அரங்கில ரிக்கற் வித்து நாடகம் போடினம், அவை மேடை முகாமை செய்யிற ஒழுங்கை நாங்கள் படிக்கோணும். ஜனகரளிய எண்ட நடமாடும் அரங்குக் குழுவில சிங்களப் பெடியளும் தமிழ்ப் பெடியளும் ஒண்டா இருந்து ரெண்டு மொழியிலயும் நடிச்சவை. சென்னையில ந. முத்துசாமி 1977இல தொடங்கின கூத்துப்பட்டறை முழுநேர நடிகரை வச்சுப் பழக்கின இடம். ஆனா சினிமாவுக்கு ஏணியா மட்டும் நாடகத்தைப் பிடிக்கப் போறியள் எண்டா அதை இப்பவே உங்களுக்குள்ள தெளிவாக்குங்கோ, இல்லாட்டி குழுவை இடையில விட்டுட்டுப் போவியள், மற்றவையின்ர உழைப்பு வீணாப் போகும்.

குருநகரில இருந்து ஒரு நடிகர்: எல்லாரும் சும்மா வந்து நடிச்சுத் தாங்கோ எண்டு கேக்கினம். எப்பிடிக் காசு கேக்கிறது?

வாயைத் திறந்து கேக்கோணும் அண்ணை, வேற வழி இல்லை. மைக்காரருக்குக் காசு, கதிரைக்காரருக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு, நடிகருக்கு மட்டும் ஒரு பொன்னாடை. இது பிழை, நேர சொல்லோணும். கேக்க முதல் கணக்குப் போடுங்கோ: வான், பெற்றோல், வேசம், உடுப்புத் தோய்க்கிற காசு, தேத்தண்ணி சாப்பாடு, பிறகு ஒவ்வொராளுக்கும் ஒரு நாள் கூலி. ஒரு நடிகர் அண்டைக்கு மேசன் வேலைக்கோ கடலுக்கோ போயிருந்தா என்ன உழைப்பாரோ அதுக்குக் கிட்டவாவது இருக்கோணும். மொத்தத்தை ஒரு தாளில எழுதி கையெழுத்து வாங்குங்கோ, பாதியை முற்பணமா எடுங்கோ. உங்கட பங்கில யேசுவின்ர திருப்பாடுகளின் காட்சிக்கு நேர்த்திக்கடனா நடிக்கிறது வேற, அது உங்கட விசுவாசம், அதில காசுக் கதை வேண்டாம். குழுத் தலைவர்மாருக்கும் ஒண்டு சொல்லுறன், வந்த காசில புது செற் வாங்க முதல் நடிகருக்குக் குடுங்கோ, சின்னத் தொகை எண்டாலும் அண்டைக்கே கையில குடுங்கோ.

இசை நாடகம் பழகிற தம்பி: குரல் அடைச்சுப் போகுது, கற்கண்டு மிளகு போதுமோ?

தொண்டைக்கு இதமா இருக்கும், ஆனா காரணத்தை மாத்தாது. நித்திரை முழிச்சு, தண்ணி குடிக்காமல், உங்களுக்கு ஏறாத சுருதியில பாடுறதாலதான் கூட அடைக்கும். பின்பாட்டுக்காரரோட கதைச்சு சுருதியை இறக்குங்கோ, அதில வெக்கம் ஒண்டும் இல்லை. அடைச்ச நேரம் குசுகுசுக்கவும் வேண்டாம், அதுவும் தொண்டையை வருத்தும், பேசாமல் இருங்கோ. மூண்டு கிழமைக்கு மேல குரல் திரும்பாட்டி பெரியாஸ்பத்திரியில காது மூக்கு தொண்டை டொக்டரைப் பாருங்கோ.

நல்லூரில இருந்து: ஒரு பழைய நாடகத்தைப் போட ஆரிட்ட அனுமதி எடுக்கோணும்?

எழுதினவரிட்ட, அவர் இல்லையெண்டா குடும்பத்திட்ட. இலங்கைச் சட்டப்படி எழுதினவர் செத்து 70 வருசம் வரைக்கும் உரிமை இருக்கு. எழுத்தில கேளுங்கோ, நோட்டீசில பேரைப் போடுங்கோ. அதோட பொது மேடைக்கு வாற நாடகப் பிரதியைக் கொழும்பில இருக்கிற சபைக்கு அனுப்பி அனுமதி எடுக்கிற சட்டமொண்டு 1912இல இருந்து இருக்கு, அதுக்கு நேரம் ஒதுக்குங்கோ. ரிக்கற் விக்கிறதெண்டா மாநகர சபையிலயோ பிரதேச சபையிலயோ வரியைப் பற்றியும் முதலே விசாரியுங்கோ.

ஒரு அண்ணை: வயசு நாப்பத்தைஞ்சு, மின்சார வேலை செய்யிறன், நடிக்க வராது. எனக்கும் இடம் இருக்கோ?

உங்களைத்தான் அண்ணை தேடுறம்! லைற் தெரிஞ்ச ஆள் எங்களிட்டக் குறைவு, எல்லா நிறத்தையும் ஒரேயடியாப் போட்டு கண்ணைக் கூச வைக்கிறவைதான் கூட. ஒத்திகையில வந்து இருந்து நாடகத்தை முழுசாப் பாருங்கோ, எந்த இடத்தில முகம் தெரியோணும், எந்த இடத்தில இருட்டோணும் எண்டு நெறியாளரோட இருந்து எழுதுங்கோ. இந்த வேலை பழகினா கலியாணவீடு, திருவிழா, பள்ளிக்கூட விழா எண்டு வருசம் முழுக்க உழைப்பும் இருக்கும்.

கடைசியா, அரியாலையில இருந்து: ஒத்திகை பாக்க இடம் இல்லை.

கிட்ட இருக்கிற சனசமூக நிலையத்தைக் கேளுங்கோ, கனக்க இடத்தில ஒரு சின்ன மேடையும் முற்றமும் சும்மாதான் கிடக்குது. செயலாளருக்கு நாள், நேரம், எத்தினை பேர் எண்டு எழுதிக் கடிதம் குடுங்கோ, கரண்ட் காசை நாங்கள் கட்டுறம் எண்டு நீங்களாச் சொல்லுங்கோ, வாடகைக்குப் பதிலா முதல் மேடையை அந்த ஊருக்கே போட்டுத் தாறம் எண்டும் சொல்லலாம். பேப்பர் வாசிக்க வாற ஐயாமாரின்ர நேரத்தில சத்தம் போடாதேங்கோ. முடிய கூட்டிப் பூட்டி, திறப்பை ஆரிட்டக் குடுக்கிறது எண்டதை முதல் நாளே கேட்டு வையுங்கோ.