சொன்ன பெண்ணின் வாயை அடைத்தீர்களே!

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலையில் 18 வருஷமாகக் கணக்கு பார்க்கிறேன். சாக்கு அனுப்பும் வியாபாரி பெயரில், வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இன்றே பணம் போடுங்கள் என்று மெயில் வந்தது. பக்கத்து சீட் பெண், சேர்ந்து 4 மாதம்தான், “போன் பண்ணிக் கேட்டுடலாமா சார்?” என்றாள். “உன் வேலையைப் பார்” என்று சொல்லிவிட்டு 1,84,000 ரூபாய் அனுப்பினேன். பணம் வரவில்லை என்கிறார் வியாபாரி. முதலாளி வீட்டில் கல்யாணம், இன்னும் சொல்லவில்லை. போலி மெயிலைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: பக்கத்து சீட்டிலேயே ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாளே தம்பி! ஏமாந்தவர்களின் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஏமாந்ததற்காக உங்களைத் திட்ட மாட்டேன். அவள் வாயை அடைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கொள்ளிடத்தில் வெள்ளம் போகிற ராத்திரி, கரையில் தண்ணீர் கசிகிறது என்று ஒரு பொடியன் கத்தினால், “நீ யாருடா சொல்ல” என்றா கேட்போம்? மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடும். வீடானாலும் ஆபீஸானாலும், பெரியவர் என்று ஒருவர் இருப்பதே சின்னவர்கள் பயமில்லாமல் வந்து சொல்வதற்குத்தான். உங்களுக்கும் கல்லூரியில் படிக்கிற மகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு ஒரு தப்பான லிங்க்கை அவள் தொட்டுவிட்டால், உங்களிடம் வந்து சொல்வாளா?

நீங்கள் அனுப்பிய நகலை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். மெயில் முகவரியில் ஆங்கில ‘எம்’ (m) வர வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ (rn) இரண்டையும் ஒட்டிப் போட்டிருக்கிறான். செல்போனில் அது கண்ணில் படாதுதான். ஆனால், “மீட்டிங்கில் இருக்கிறேன், போன் வேண்டாம்” என்ற வரி? லோடு ஏற்றியதைக்கூட போனில் சொல்கிற மனுஷர் அந்த வியாபாரி! கணக்கு மாறியது என்று யார் எழுதினாலும், நம் நோட்டில் இருக்கிற பழைய நம்பருக்குப் பேசிவிட்டுத்தான் பணம். பெயர் சரியாக இருந்ததே என்கிறீர்கள். நெஃப்ட் என்கிற வங்கிப் பரிமாற்றத்தில் பணம் போய்ச் சேர்வது கணக்கு எண்ணை வைத்துத்தான்.

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் பேசுங்கள் என்று கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டேன். பணம் அந்தக் கணக்கை விட்டுப் போகாதிருந்தால் முடக்க வழி உண்டு. நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். மெயிலை அழிக்காதீர்கள், அது சாட்சி.

கல்யாணம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். 18 வருஷம் அவர் கொடுத்த சம்பளத்தில்தான் உங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்றே போங்கள். அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய், “இவள் கேட்கச் சொன்னாள், நான்தான் அதட்டினேன்” என்று அவள் எதிரிலேயே முதலாளியிடம் சொல்லுங்கள்.