கல்லூரியில் கார்டு ஆஃப் ஹானர்: கீதம் எப்போது, சல்யூட் யாருக்கு?

கேள்வி: ஐயா, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்.சி.சி. ராணுவப் பிரிவில் சீனியர் அண்டர் ஆஃபீசர். வரும் குடியரசு தினத்துக்கு ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் சிறப்பு விருந்தினராக வருகிறார். அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்கும் அணிக்கு, அதாவது கார்டுக்கு, என்னை கமாண்டராகப் போட்டிருக்கிறார்கள். அவர் வந்து நின்றதும் தேசிய கீதம் போட வேண்டும் என்கிறார் விழா ஒருங்கிணைப்பாளர். அது சரியா? எத்தனை பேரை நிறுத்துவது? விமானப்படைப் பிரிவு மாணவர்களையும் சேர்க்கலாமா? போன வருடம் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். என் குரல் வேறு கொஞ்சம் மெல்லியது. ‘பையன் யாராவது கமாண்டு கொடுக்கட்டுமே’ என்று சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: கீதத்தை முதலில் பார்த்துவிடுவோம். கர்னல் வந்து நின்றதும் தேசிய கீதம் போடக் கூடாது. இதில் உங்கள் விருப்பம், என் விருப்பம் என்று எதுவும் இல்லை. தேசிய கீதம் பற்றிய உள்துறை அமைச்சக ஆணையே இதைத் தெளிவாகச் சொல்கிறது. ‘ராஷ்ட்ரிய சல்யூட், சலாமி சஸ்த்ர்’ (தேசிய மரியாதை, ஆயுதத்தை உயர்த்தி வணக்கம்) என்று கமாண்டு கொடுத்து அதோடு கீதம் இசைக்கும் மரியாதை குடியரசுத் தலைவருக்கு உண்டு. ஆளுநருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் அவரவர் மாநிலத்துக்குள், பிரதேசத்துக்குள் மட்டும் உண்டு. பிரதமருக்குக்கூட வழக்கமாக இசைப்பதில்லை. விசேஷமான சில தருணங்களில் மட்டும் இசைக்கலாம் என்று அந்த ஆணை சொல்கிறது. பிரதமருக்கே இல்லாததை நீங்கள் கொடுத்தால், முதலில் நெளியப்போகிறவர் அந்தக் கர்னல்தான். வாழ்நாள் முழுக்க இந்த ஒழுங்குக்குள் இருந்தவர் அவர்.

ஒருங்கிணைப்பாளரிடம் நீங்களே போய் வாதாட வேண்டாம். உங்கள் ஏ.என்.ஓ. (கல்லூரியில் என்.சி.சி.க்குப் பொறுப்பான ஆசிரியர்) மூலமாகச் சொல்லுங்கள். ‘கீதம் உண்டு சார், கொடி ஏறும்போது உண்டு’ என்று சொன்னால் அவரும் சமாதானமாகிவிடுவார்.

வரிசை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆகஸ்ட் 15 காலையில் செங்கோட்டையில் நடப்பதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பிரதமர் வந்ததும் கார்டு அவருக்கு ஜெனரல் சல்யூட், அதாவது கீதம் இல்லாத மரியாதை, கொடுக்கிறது. அவர் கார்டைப் பார்வையிடுகிறார். அதற்குப் பிறகுதான் கோட்டை மேலே போய்க் கொடியேற்றுகிறார். கொடி விரிந்ததும் ராஷ்ட்ரிய சல்யூட், கூடவே கீதம். அந்த ராஷ்ட்ரிய சல்யூட் கொடிக்கு. உங்கள் கல்லூரியிலும் இதே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் வருகிறார், கார்டு சலாமி கொடுக்கிறது, பார்வையிடுகிறார், கொடிக்கம்பத்துக்குப் போகிறார், கொடி ஏறுகிறது, அப்போது கீதம். விருந்தினருக்கான சலாமியின்போது பேண்டு இருந்தால் பிஐ ஸ்டாஃப் (என்.சி.சி.க்கு வரும் ராணுவப் பயிற்றுநர்) சொல்லும் சல்யூட் ட்யூனை வாசிக்கட்டும். பேண்டு இல்லையா, ஒன்றும் வேண்டாம். மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் அந்த நேரம் பார்த்து அவர் ஒரு சினிமாப் பாட்டைத் தட்டிவிடுவார்.

கீதம் முழுதாக இசைக்க சுமார் 52 விநாடி ஆகும். கார்டு அத்தனை நேரமும் துப்பாக்கியோடு சலாமி சஸ்த்ரில் அசையாமல் நிற்க வேண்டும். ஒத்திகையில் பெரும்பாலான பேர் ஐந்து விநாடி நிறுத்திவிட்டு, துப்பாக்கியைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவரும் பாஜு சஸ்த்ருக்குப் போய்விடுகிறார்கள். விழா நாளில் முப்பதாவது விநாடியில் கை நடுங்க ஆரம்பிக்கும். ஆகவே ஒவ்வொரு ஒத்திகையிலும் கீதத்தை முழுசாக ஓடவிட்டுப் பழகுங்கள். கல்லூரி பேண்டு வாசிப்பதாக இருந்தால் இன்னொன்று: கீதத்துக்கு முன்னால் டிரம் உருட்டல் உண்டு. ஸ்லோ மார்ச்சில் ஏழு அடி நேரம். மெதுவாகத் தொடங்கி, உச்சத்துக்கு ஏறி, மறுபடி அடங்க வேண்டும். பிறகு ஒரு தட்டு இடைவெளி விட்டுக் கீதம். கூட்டம் எழுந்து நிற்பதற்கான அறிகுறியும் அதுதான்.

எண்ணிக்கை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். செங்கோட்டையில் பிரதமருக்கான கார்டிலேயே தரைப்படை, கடற்படை, விமானப்படை, டெல்லி போலீஸ் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அதிகாரியும் சுமார் 24 பேரும்தான். எல்லாம் சேர்த்து சுமார் நூறு பேர். கல்லூரி மைதானத்தில் ஐம்பது பேரை நிறுத்த ஆசைப்படாதீர்கள். பதினாறிலிருந்து இருபத்து நாலு பேர் வரை, இரண்டு வரிசை, போதும். இருபது பேரின் துப்பாக்கி ஒரே சத்தத்தில் விழுந்தால் அது கார்டு. நாற்பது பேரில் நாலு பேர் பிந்தினால் அந்த நாலு சத்தம்தான் எல்லார் காதிலும் விழும். உயரப்படி நிறுத்தும்போது உயரமானவர்கள் இரண்டு ஓரத்திலும், உயரம் குறைந்தவர்கள் நடுவிலும் வரட்டும்.

கமாண்டரின் முதல் கஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது, யாரை விடுவது என்பதில். உங்கள் நெருங்கிய தோழியின் பூட்ஸ் எப்போதும் அரை நொடி பிந்துகிறது என்றால் அவர் வெளியே நிற்க வேண்டியதுதான். அதை நீங்களே நேரில், மற்றவர்கள் இல்லாத இடத்தில் சொல்லுங்கள். வாட்ஸப் குழுவில் பட்டியல் போட்டுத் தெரிவிக்காதீர்கள். வெளியே நிற்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. இரண்டு பேர் மாற்றாளாகத் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பேர் வரிசைக்குப் பின்னால் தண்ணீரோடு நிற்க வேண்டும். கொடிக் கயிற்றுக்கு ஒருவர், மைக் செட் பக்கத்தில் ஒருவர்.

விமானப்படைப் பிரிவைச் சேர்க்கலாம், ஆனால் ஒரே வரிசைக்குள் கலக்காதீர்கள். செங்கோட்டையிலும் அந்தந்தப் படை அதனதன் சீருடையில் தனித்தனித் தொகுதியாகப் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கிறது. கை சல்யூட்டே இரண்டுக்கும் வேறு. தரைப்படையில் உள்ளங்கை முழுதாக எதிரே தெரியும். விமானப்படையில் 2006-லிருந்து கை 45 பாகை சாய்ந்திருக்கும். கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். கலந்து நிறுத்தினால் புகைப்படத்தில் யாரோ தப்பாக சல்யூட் அடித்த மாதிரி தெரியும்.

துப்பாக்கி கிடைக்குமா, எந்தத் துப்பாக்கி, விருந்தினருக்கு கார்டு கொடுக்கலாமா என்பதையெல்லாம் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கும் என்.சி.சி. பட்டாலியன்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லூரி முதல்வர் கடிதம், ஏ.என்.ஓ. கையெழுத்து, பிறகு பட்டாலியன் அனுமதி. இதை இப்போதே தொடங்குங்கள். ஜனவரியில் எல்லாக் கல்லூரியும் ஒரே நேரத்தில் கேட்கும். துப்பாக்கி கிடைக்காவிட்டால் மரக்கட்டைத் துப்பாக்கி செய்து பெயின்ட் அடிக்கிற வேலை வேண்டாம், அது பள்ளி நாடகத்துக்கு ஆகும். ஆயுதமில்லாத கார்டு சாவ்தானில் (விறைப்பாக நிற்கும் நிலையில்) நிற்க, கமாண்டர் மட்டும் சல்யூட் அடிக்கும் முறை இருக்கிறது. பிஐ ஸ்டாஃப் சொல்லித்தருவார். வாடகைக் கடையில் அலங்கார வாள் எடுத்துவருவதும் வேண்டாம். வாள் டிரில் பழக நாள் பிடிக்கும். பழகாத கையில் அது தொப்பியைத்தான் தட்டிவிடும்.

மயக்கம் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. பரேடில் விழுகிறவன் பலவீனன் என்று ஒரு பேச்சு உண்டு, அது தப்பு. நல்ல திடகாத்திரமான சிப்பாய்களும் விழுந்திருக்கிறார்கள். அசையாமல் நிற்கும்போது கால் தசை வேலை செய்வதில்லை. ரத்தம் காலிலேயே தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது, ஆள் சாய்கிறார். வெறும் வயிறு, தண்ணீர்க் குறைவு, முதல் நாள் தூக்கமின்மை, வெயில் எல்லாம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். முழங்காலை விறைப்பாகப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி நிற்பதும் ஒரு காரணம். முழங்காலை நேராக வையுங்கள், பூட்ட வேண்டாம். பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கலாம், கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்தலாம். வெளியே ஒன்றும் தெரியாது, ரத்தம் மட்டும் மேலே ஏறும்.

காலை ஆறரைக்கு ஃபால் இன் (வரிசையில் கூடுவது) என்றால் ஐந்து மணிக்கே இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும். இதை ‘சாப்பிட்டு வாங்க’ என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். விடுதி மாணவிகளுக்கு அந்த நேரத்தில் மெஸ் திறந்திருக்காது. முந்தின நாளே வார்டனிடம் பேசி ஏற்பாடு செய்யுங்கள். வாழைப்பழமும் பிஸ்கட்டும் என்றாலும் சரி. காய்ச்சல், வயிற்று வலி, மாதவிடாய் அசௌகரியம் என்று யாராவது சொன்னால் மாற்றாளைப் போடுங்கள், காரணம் கேட்டுக் குடையாதீர்கள். கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது, திடீரென்று வியர்க்கிறது என்றால் துப்பாக்கியைப் பிடித்தபடி அப்படியே ஒரு முழங்காலில் உட்கார்ந்துவிடலாம், அதற்குத் திட்டு கிடையாது என்று எல்லாரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். மோவாய் தரையில் அடிபடுவதைவிட அது எவ்வளவோ மேல். விழுந்தவரைப் பின்னால் நிற்கும் இருவர் தூக்கிப்போய்ப் படுக்கவைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, காலை உயர்த்திப் பிடிக்கட்டும். சீக்கிரம் தெளியாவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கார்டு அசையக் கூடாது, நீங்களும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

போன வருடம் விழுந்தவர்கள் இரண்டு பேரையும் எதற்காக நிற்கவைத்தார்கள், எவ்வளவு நேரம் என்று விசாரித்துப் பாருங்கள். விருந்தினர் எட்டு மணிக்கு வருவதாக இருக்க, ஏழு மணிக்கே சாவ்தானில் நிறுத்துவதுதான் பல கல்லூரிகளில் நடக்கிறது. அவர் வண்டி கல்லூரி வாசலைத் தாண்டியதும் ஒரு ஆள் கை காட்டட்டும். அதுவரை கார்டு ஆராம் சேயில் (தளர்வாக நிற்கும் நிலையில்), முடிந்தால் நிழலில்.

இனி குரல். பையன் கமாண்டு கொடுக்க வேண்டும் என்பதற்கு எந்த விதியும் இல்லை. 2015 ஜனவரி 25 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமாவுக்குக் குடியரசுத் தலைவர் மாளிகையில் முப்படை கார்டுக்கு கமாண்டராக நின்றவர் விங் கமாண்டர் பூஜா தாக்கூர். மறுநாள் குடியரசு தின அணிவகுப்பில் தரைப்படையின் பெண்கள் பிரிவை நடத்திச் சென்றவர் நம் சென்னையின் கேப்டன் திவ்யா அஜித்குமார். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 2010-ல் வீரவாள் (பயிற்சி பெறுவோரில் சிறந்தவருக்கான விருது) வாங்கிய முதல் பெண். சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கமாண்டுக்குக் கனத்த குரல் தேவையில்லை. மெல்லிய குரலும் சரியாகக் கொடுத்தால் திறந்த மைதானத்தில் தூரம் போகும். கெடுப்பது அவசரம். ‘கார்டு’ என்று எச்சரிக்கை, ஒரு இடைவெளி, ‘சலாமீ’ என்று நீட்டல், மறுபடி இடைவெளி, ‘சஸ்த்ர்’ என்று வெட்டு. கார்டில் நிற்பவர்கள் உங்கள் சொல்லைவிட அந்த இடைவெளியைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் இருபது கையும் சேர்ந்து நகரும். தொண்டையிலிருந்து கத்தாமல் வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ளுங்கள். மைதானத்தின் மறுகோடியில் ஒரு தோழியை நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறதா என்று சோதியுங்கள். முந்தின நாள் ஒத்திகையில் குரலைக் கொட்டித் தீர்த்துவிடாதீர்கள்.

சலாமி முடிந்து பாஜு சஸ்த்ர் ஆனதும் நீங்கள் விருந்தினர் முன் போய் சல்யூட் அடித்து, ‘ஸ்ரீமான், கார்டு ஆஃப் ஹானர் ஆப்கே நிரீக்ஷண் கே லியே ஹாஸிர் ஹை’ (ஐயா, கார்டு ஆஃப் ஹானர் உங்கள் பார்வைக்குத் தயார்) என்று ரிப்போர்ட் கொடுக்கிறீர்கள். கார்டின் வலது ஓரத்திலிருந்து பார்வை தொடங்கும். அப்போது கார்டு அவருக்கு இடப்பக்கம் இருக்கும், நீங்கள் அவருக்கு வலப்பக்கம். அவருக்கும் கார்டுக்கும் நடுவில் நீங்கள் வரக் கூடாது, இதை மட்டும் மறக்காதீர்கள். அவர் நடக்கிற வேகம்தான் உங்கள் வேகம். வயதானவராக இருந்தால் மெதுவாக நடப்பார், ஏதாவது ஒரு கேடட்டிடம் நின்று ஊர் பெயர் கேட்பார். கேட்கட்டும். பழைய ராணுவக்காரர்கள் பூட்ஸையும் பெல்ட் பித்தளையையும் பார்க்காமல் போகமாட்டார்கள், அதையும் தயாராக வைத்திருங்கள்.

பூ விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கேட்பார்கள். ஏற்றும் கொடிக்குள் பூவிதழ் வைக்கக் கொடிச் சட்டத்தொகுப்பிலேயே அனுமதி இருக்கிறது. கார்டு நடக்கும் பாதையில் பூத் தூவ வேண்டாம். ஆணி அடித்த பூட்ஸுக்கு அடியில் ரோஜா இதழ் வழுக்கும், டைல்ஸ் தரை என்றால் கேட்கவே வேண்டாம்.

கொடி ஏறி, பேச்செல்லாம் முடிந்து கார்டை விசர்ஜன் செய்த (கலைத்த) பிறகும் உங்கள் வேலை முடியவில்லை. எல்லாரும் செல்ஃபி எடுக்கப் போவார்கள். அதற்கு முன் துப்பாக்கிகளை நீங்களே நம்பர் பார்த்து எண்ணி பிஐ ஸ்டாஃபிடம் ஒப்படையுங்கள். எண்ணிக்கை சரி என்று அவர் சொன்ன பிறகு செல்ஃபி, அப்புறம் டிபன்.