படம் நின்று நின்று ஓடுவது ஏன்? ஸ்ட்ரீமிங் பெட்டி பற்றிய கேள்வி பதில்

ஸ்ட்ரீமிங் பெட்டி என்பது இணையவழிப் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டும் சிறு கருவி. அதைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டாரத்து அன்பர்கள் கேட்ட கேள்விகளுள் ஆறுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். படம் உறைந்து திரையின் நடுவே வட்டம் சுற்றினால், பெட்டிக்கு வரவேண்டிய தரவு வழியில் தாமதமாகிறது என்று பொருள். வட்டம் எதுவும் தோன்றாமல் படம் வெட்டி வெட்டி நகர்ந்தால், பெரும்பாலும் வந்து சேர்ந்த தரவைப் பெட்டியால் உரிய நேரத்தில் விரித்துக் காட்ட முடியவில்லை என்று பொருள். உங்கள் வீட்டில் நிகழ்வது இவற்றுள் எது என்று ஒரு மாலை முழுவதும் கவனித்துவிட்டுப் பிறகு பணம் செலவழியுங்கள்.

கேள்வி (முத்தியால்பேட்டை): ஐயா, எங்களுடையது 100 மெகாபிட் இணைப்பு. ரவுட்டர் வாசல் பக்கத்து அறையிலும் தொலைக்காட்சி பின்கட்டிலும் உள்ளன. இரவு எட்டு மணிக்கு மேல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வட்டம் சுற்றுகிறது. 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறலாமா?

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் 1080 தரப் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்கிறது. நீங்கள் பணம் கட்டி வாங்கும் வேகம் அதைவிடப் பல மடங்கு அதிகம். அது வாசல் அறையிலிருந்து பின்கட்டுக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல் இருக்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில், ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது தடங்கள், 1, 6, 11 என மூன்றே மூன்றுதான். இரவு எட்டு மணிக்குத் தெரு முழுவதும் படம் பார்க்க உட்காரும்போது அந்த மூன்றும் நிரம்பிவிடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளமாக உண்டு என்றாலும், தடித்த பழைய செங்கற்சுவர்கள் இரண்டைத் தாண்டுவதற்குள் அது வலுவிழந்துவிடும்.

ஆகவே இரவு எட்டரை மணிக்குப் பெட்டியிலேயே வேகச் சோதனைச் செயலியை ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியை ரவுட்டருக்கு அருகே தூக்கிச் சென்று, லேன் கேபிளில் இணைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். கேபிளில் வேகம் குறையாமல் இருந்தால் குறை வைஃபையில்தான். முழுச் செம்புக் கம்பியுள்ள கேட் 6 கேபிளைச் சுவரின் அடியோரமாகப் பின்கட்டுவரை இழுத்துவிடுங்கள். பல பெட்டிகளின் லேன் துளை 100 மெகாபிட் மட்டுமே தாங்கும் என்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், இணையவழிப் படங்களுக்கு அதுவே மிகுதி. கேபிளிலும் இரவில் மட்டும் வேகம் விழுந்தால், நாள், நேரம், எண் ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு எழுதி வைத்துச் சேவை வழங்குவோரிடம் முறையிடுங்கள். எழுதி வைத்த எண்களைக் காட்டிக் கேட்கும்போது தட்டிக்கழிப்பது கடினம்.

கேள்வி (கடலூர் முதுநகர்): கேபிள் போட்டு ஓராண்டு நன்றாக ஓடியது. இப்போது மறுபடியும் நிற்கிறது. கேபிளே வீணா?

பதில்: கேபிள் நன்றாகத்தான் இருக்கும், அதன் முனையைச் சந்தேகியுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்பு ஈரம் செருகியின் எட்டுத் தகடுகளிலும் படிந்து அரிக்கிறது. தேவனாம்பட்டினத்தில் நான் குடியிருந்த வீட்டில் இதை இருமுறை பார்த்துவிட்டேன்: தகடுகளில் பச்சை படர்ந்திருந்தது, ஆனால் ரவுட்டரின் விளக்கு எப்போதும்போல் எரிந்துகொண்டிருந்தது. 100 மெகாபிட் இணைப்புக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும்; கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால் ஒரு ஜோடி கெட்டாலும் இணைப்பு அறாமல் வேகம் மட்டும் இறங்கக்கூடும். அரைகுறைத் தொடர்பாக இருந்தால் தரவு பிழையாகிப் பிழையாகி மறுபடி அனுப்பப்படும். பழைய செருகியை வெட்டியெறிந்து புதியதைக் கிரிம்ப் செய்யச் (கருவியால் அழுத்திப் பொருத்தச்) சொல்லுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மெல்லிய தங்கப் பூச்சு போய்விடும், பிறகு அரிப்பு இன்னும் விரைவாகும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): கத்திரி வெயில் நாட்களில், பிற்பகலில் அரைமணி நேரம் ஓடியதும் பெட்டி மந்தமாகிறது, பட்டனை அழுத்தினால்கூடத் தாமதமாகத்தான் கேட்கிறது. காலையில் இந்தத் தொல்லை இல்லை.

பதில்: சூடேறியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. தொலைக்காட்சியின் முதுகில் ஒட்டிய சிறு குச்சி வடிவப் பெட்டிக்கு அறை வெப்பத்தோடு திரையின் வெப்பமும் சேர்ந்துவிடும். சிறிய ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒன்றைப் பூட்டி வெளியே தொங்க விடுங்கள். பெரிய பெட்டியானால் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து, மேலே விரிப்பு போடாமல் திறந்த இடத்தில் வையுங்கள். தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளையின் வரையறை 500 மில்லி ஆம்பியர்தான். உடன் வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை): மகள் திருமணக் காணொளியைப் பென் டிரைவில் தந்தார்கள். கணினியில் அழகாக ஓடுகிறது. பெட்டியில் வெட்டி வெட்டி ஓடுகிறது. இணையப் படங்களில் எந்தக் குறையும் இல்லை.

பதில்: உங்கள் பெட்டி பழுதில்லை. திருமணக் காணொளிகளை 4கே தரத்தில், ஹெச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையில், நொடிக்கு 60 சட்டகங்களும் மிக உயர்ந்த பிட் வேகமுமாக அப்படியே தந்துவிடுவதுண்டு. பல பெட்டிகளின் சிப் ஹெச்.264 முறையில் 4கே படத்தை 30 சட்டகங்கள்வரை மட்டுமே வன்பொருளால் விரிக்கும். 60 சட்டகங்களை ஹெச்இவிசி என்ற மற்றொரு சுருக்க முறையில் கொடுத்தால் அதே சிப் எளிதாக ஓட்டிவிடும். கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஹெச்இவிசி முறைக்கு மாற்றிய நகல் ஒன்றைப் பெட்டிக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். அதை இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்குகளில் வையுங்கள். பென் டிரைவ் மங்கிப் போனால் அந்த நாளை மறுபடி எடுக்க முடியாது.

கேள்வி (புதுப்பாளையம்): பெட்டியில் ஹார்டு டிஸ்க்கைச் செருகியதிலிருந்து வைஃபை அடிக்கடி அறுந்து போகிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: தொடர்பு உண்டு. யுஎஸ்பி 3.0 இயங்கும்போது எழும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. பெட்டியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இயலாவிட்டால் நல்ல உறையிட்ட, சற்று நீளமான கேபிளைக் கொண்டு டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): எல்லாச் சேனலும் இலவசம் என்று சொல்லி விற்ற, பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றை வாங்கினேன். எதுவும் ஓடாதபோதும் ரவுட்டர் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் எல்லாக் கைப்பேசியும் மெதுவாகிவிட்டன.

பதில்: இந்தக் கேள்விக்கு மட்டும் விடையைப் படித்த உடனே எழுந்து சென்று அந்தப் பெட்டியைக் கழற்றுங்கள். பேட்பாக்ஸ் 2.0 என்ற தீம்பொருளைப் பற்றி அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 ஜூன் மாதம் பொது எச்சரிக்கை விடுத்தது. இத்தகைய பெட்டிகளில் சில, வாங்கும் முன்பே அந்தத் தீம்பொருளைச் சுமந்து வருகின்றன. அது உங்கள் இணைப்பின் வழியே முன்பின் அறியாதவர்களின் இணையப் போக்குவரத்தைக் கடத்துகிறது. உங்கள் பெட்டியில் அது இருக்கிறது என்று இங்கிருந்தபடி என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது, ஆனால் நீங்கள் கூறும் அறிகுறிகள் பொருந்துகின்றன. தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தாலும், அடிப்படை மென்பொருளுக்குள் பதிந்தது போகாது. பெட்டியைக் கழற்றிய பின் ரவுட்டர் விளக்கு அடங்குகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் பெட்டியில் தட்டச்சு செய்த கடவுச்சொற்கள் அனைத்தையும், வைஃபை கடவுச்சொல் உட்பட, வேறொரு கருவியிலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள்.