ஸ்காட்லாந்தில் ஒருவருக்கு மட்டும் ஏன் வாக்கெடுப்பு?

ஸ்காட்லாந்து அமைச்சரவையில் இருவருக்குப் புதுப் பொறுப்பு தந்தும், ஒருவருக்கு மட்டும் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். துறை மட்டும் மாறியவருக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டாம். இருவரில் மற்றவருக்கு வாக்கெடுப்பு நடக்காததற்கு அதுதான் காரணம். 1998 ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, ஒருவரை அமைச்சராக்கத்தான் ஒப்புதல் கேட்கிறது. எந்தத் துறையைத் தருவது என்பது முதலமைச்சரின் இஷ்டம்.

வாக்கெடுப்புக்குப் போனவர் பெரும்பாலும் இளநிலை அமைச்சராக இருந்திருப்பார். இளநிலை அமைச்சர்களின் நியமனம் அதே சட்டத்தின் 49ஆம் பிரிவில் தனியாக வருகிறது. கேபினட்டுக்கு உயர்ந்தால் அது புது நியமனம். "ஏற்கெனவே அமைச்சர்தானே" என்று நமக்குத் தோன்றினாலும் மறுபடி வாக்கெடுப்புதான்.

சந்தேகம் இருந்தால் நியமனத்துக்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தின் வாசகத்தைப் பாருங்கள். பெயர் இருக்கும், துறை இருக்காது.

அப்புறம், இதை வேல்ஸுக்குப் பொருத்திவிடாதீர்கள். அங்கே சாதாரண அமைச்சர் நியமனத்துக்கு வாக்கெடுப்பே கிடையாது. வட அயர்லாந்திலோ பெரும்பாலான பதவிகளை டோண்ட் முறைப்படி (கட்சிகளின் இடங்களுக்கு ஏற்பப் பதவிகளைப் பகிரும் கணக்கு) கட்சிகளே நிரப்புகின்றன. துறை அமைச்சர்களில் நீதி அமைச்சருக்கு மட்டும் தனி வழி.