கட்டுரை கூடியதா, பட்டியல் கூடியதா?

கேள்வி: முனைவர் பட்டத்துக்காக 2000 முதல் இந்தியா, இலங்கை, வங்கதேசம், நைஜீரியா நாலு நாட்டின் ஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையையும் ஸ்கோபஸில் (ஆய்விதழ்க் கட்டுரைகளைப் பட்டியலிடும் சந்தாத் தரவுத்தளம்) எடுத்து வரைபடம் போட்டேன். எல்லாக் கோடும் ஏறுகிறது. 'ஆய்வு வளர்கிறது' என்று எழுதினால் வழிகாட்டி கையெழுத்துப் போட மறுக்கிறார். ஏன்?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அவர் மறுப்பது சரிதான் தம்பி. நம் மாவட்ட மழைக் கணக்கில் அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை மழைமானிகளோடு மலைமேல் மழை கொட்டும் நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் அளவையும் திடீரென்று ஒரு வருஷம் சேர்த்தால் சராசரி எகிறிவிடும், வானத்தில் ஒன்றும் மாறியிருக்காது. ஸ்கோபஸும் அப்படித்தான். 2004-இல் வந்ததிலிருந்து புதுப்புது இதழ்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள், தரமில்லை என்று சிலவற்றை நீக்கவும் செய்கிறார்கள். ஆகவே 2000 முதல் இன்றுவரை வந்த கட்டுரைகள் விடாமல் பட்டியலில் இருக்கும் இதழ்களை மட்டும் பிரித்தெடுத்து இன்னொரு கோடு போடுங்கள். அது வளர்ச்சியைக் குறைத்துக் காட்டும், பழைய கோடு கூட்டிக் காட்டும், நிஜம் நடுவில் எங்கோ இருக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வேட்டுக்குச் சரக்கு.

அப்புறம், கூட்டுக் கட்டுரைகளை எப்படி எண்ணினீர்கள்? ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த ஒரே கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதில் ஒருவர் நம் நாட்டுக்காரர் என்றாலும் முழு எண்ணிக்கையில் நாட்டுக்கு ஒன்று ஏறிவிடும். வெளிநாட்டுக் கூட்டையே பெரிதும் நம்பும் சின்ன நாடுகளுக்கு இது ரொம்பவே கூட்டிக் காட்டும். ஒரு கட்டுரையை நாடுகளுக்குள் பின்னமாகப் பங்கிட்டும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

இந்தியக் கோட்டில் யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) கையும் உண்டு. ஆய்வேடு கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்ற 2009 விதி, 2022-இல்தான் போனது. (காசு வாங்கிக்கொண்டு போடும் இதழ்களைப் பற்றி உங்கள் சீனியர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.)

நைஜீரியாவுக்கு ஸ்கோபஸ் மட்டும் போதாது, அங்குள்ள இதழ்கள் பல ஆப்ரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன் என்ற இணையதளத்தில் கிடக்கின்றன. ஸ்கோபஸ் போன்ற இன்னொரு தரவுத்தளமான ஓப்பன்அலெக்ஸ் 2022 முதல் இலவசம், சந்தா இல்லாமலே இதே கணக்கைப் போடலாம், ஆனால் ஆசிரியரின் நாடு விடுபட்ட பதிவுகள் அதில் நிறைய.

கடைசி வருஷம் கோடு சரிந்தால் பதறாதீர்கள். பதிவு ஏறத் தாமதமாவதால் வருவது அது, வெட்டிவிட்டே வரையுங்கள்.