கேட்டதும் சொன்னதும்: மந்தையில் ஒரு கல்

கே: ராணுவத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பையன் எல்லையில் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் மார்பளவுச் சிலை வைக்க இளைஞர்கள் வசூலை ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்கள் பெயர் பொறித்த கல் போதும் என்கிறார்கள். ஊர் முழுக்கக் கரிசல் மண். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மானூர் வட்டாரம்

ப: நாங்கள் பெரியவர்கள் பக்கம். சாலையிலும் நடைபாதையிலும் பொது இடத்திலும் சிலை வைக்க அனுமதி தரக் கூடாதென்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசுகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. மீறி வைத்தால், ரோட்டை அகலப்படுத்தும் அன்று துணி சுற்றி லாரியில் ஏற்றுவார்கள். அதைப் பெற்றவள் பார்க்க வேண்டுமா? பட்டா நிலத்தில் அரை சென்ட் போதும். அப்போதும் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஐந்தடி உயரம், இரண்டடி அகலம், ஆறு அங்குலக் கனத்தில் ஒரு கருங்கல் எடுங்கள். எடை 380 கிலோ வரும். முக்காலியும் செயின் கப்பியும் இல்லாமல் தூக்கப் பார்த்தால் யாருக்காவது கால் நசுங்கும். கரிசல் மழைக்கு ஊதும், கோடையில் வெடிக்கும். அதன் மேலேயே நட்ட கல் இரண்டு ஐப்பசி கண்டதும் சாய ஆரம்பிக்கும். நாலடி ஆழம் தோண்டி, கரிசலை முழுக்க வெளியே அள்ளுங்கள். அடியில் இரண்டடிக்குச் சரள் மண். மொத்தமாகக் கொட்டாமல் அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசால் இடிக்க வேண்டும். அதன்மேல் அரையடி கான்கிரீட், சிமென்ட் ஒன்றுக்கு மணல் இரண்டு, ஜல்லி நாலு கலவை. அது இறுகியபின் கல்லை நிறுத்தி, மிச்சமுள்ள ஒன்றரையடிக்குச் சுற்றிலும் கான்கிரீட் போட்டு, பத்து நாள் ஈரம் காயாமல் பாருங்கள். வெளியே மூன்றரையடி தெரியும். போதும்.

எழுத்து ஒன்றரை அங்குல உயரம், மூன்று மில்லிமீட்டராவது ஆழம் இருக்கட்டும். லேசரில் பொறிக்கும் முகப்படம் திறப்பு விழா அன்று ஜோராக இருக்கும். மேல்தோல் மட்டுமே கீறப்பட்டிருப்பதால் வெயிலில் மங்கிப்போகும்.

படைஎண், பதவி, பெயர், படைப்பிரிவு, பிறந்த நாள், இறந்த நாள், இறந்த இடம். இந்த ஏழையும் ராணுவம் கொடுத்த தாளைப் பார்த்து எழுதுங்கள், அஞ்சலி ஃபிளெக்ஸைப் பார்த்து அல்ல. நம் பக்கம் இனிஷியலாக நிற்கும் அப்பா பெயர் ராணுவ ஏட்டில் முழுப் பெயராக நீண்டிருக்கும். வீட்டில் ‘லெட்சுமணன்’, தாளில் ‘லட்சுமணன்’ என்றிருந்தால் வீட்டார் எழுதும் விதமே கல்லில் வரட்டும். ‘தியாகி’ என்று போடுவது உங்கள் விருப்பம். அதற்கு இணையான ‘martyr’ என்ற சொல்லை ராணுவம் பயன்படுத்துவதில்லை என்று அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது. திறந்து வைத்தவர் பெயரைப் பின்பக்கம் சிறியதாகப் போடுங்கள். சாதிப் பட்டம் வேண்டாம். பீடத்துக்குச் சங்கத்து வண்ணத்தில் பெயின்ட் அடிக்க ஒருவன் டப்பாவோடு வருவான், அவனையும் திருப்பி அனுப்புங்கள்.

நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் வரிசை: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது முதலில், வாழ்த்து கடைசியில். இப்போது மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் கல்லைப் பற்றிய பேச்சே வருகிறது.

கே: ராணுவ வீரரின் இறுதிச் சடங்குச் செய்தியில் ‘21 குண்டுகள் முழங்க’ என்று ஒரு பேப்பரிலும் ‘24 குண்டுகள்’ என்று இன்னொன்றிலும் வருகிறதே?
– கல்லூரி மாணவி, வள்ளியூர்

ப: மரியாதை என்பது மூன்று முழக்கம். எட்டுப் பேர் மூன்று முறை வானத்தை நோக்கிச் சுட்டால் 24, ஏழு பேர் என்றால் 21. எண்ணிக்கை கூடினால் மரியாதை கூடியதாக அர்த்தமில்லை. குடியரசு தினத்தில் பீரங்கியால் 21 முறை முழங்குவது வேறு.

கே: பெட்டி மேல் போர்த்திய கொடியை எங்களிடம் தந்தார்கள். எப்படி வைத்துக்கொள்வது?
– பெயர் வேண்டாம், திசையன்விளை

ப: கிடைமட்டமாக விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடியுங்கள். பிறகு வெள்ளைப் பட்டையை இரு பக்கமிருந்தும் நடுவுக்கு மடித்தால் சக்கரமும் காவி, பச்சையில் கொஞ்சமும் மேலே தெரியும். சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடாதீர்கள், காவி வெளுத்துவிடும். உங்கள் பக்கம் கடல் காற்று; வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விடுங்கள்.

இதையே நாளை வீட்டில் வேறொருவர் இறக்கும்போது எடுத்துப் போர்த்தக் கூடாது. ஓய்வுபெற்ற ஹவில்தார் எண்பது வயதில் காலமானாலும் அப்படித்தான்: அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டுமே கொடி போர்த்தலாம். அங்கும் காவி தலைமாட்டில் இருக்க வேண்டும். குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது.

கே: இறந்த வீரருக்குக் கல் நடுவதெல்லாம் போரைக் கொண்டாடுவது என்கிறான் என் மகன். பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, பாளையங்கோட்டை

ப: உங்கள் மகன் கோபப்படுவது கல் மீதா, கல்லைச் சுற்றிக் கட்டிய ஃபிளெக்ஸ் மீதா? முதலில் அதைக் கேளுங்கள். ஃபிளெக்ஸ் மீது என்றால் எங்களுக்கும் அதே கோபம்தான்.

1965, 1971 போர்களில் பெரும்பாலும் வீட்டுக்கு வந்தது தந்திதான். 1999 கார்கில் போரில்தான் பெட்டிகள் சொந்த ஊருக்கு வரத் தொடங்கின, கூடவே டிவி கேமராவும். இடையில் இலங்கை. 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் மு.கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தமிழரைக் கொன்ற படை என்ற கோபம் இங்கே பலருக்கும் இருந்தது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அங்கே இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் படையை அனுப்பும் முடிவை எடுத்தவர்கள் இல்லை. அவர்கள் வீட்டில் அழுதபோது ஊர் கூடவில்லை. ஒரு போர் தப்பு என்று நினைப்பவரும் அதில் செத்தவர் வீட்டுக்குத் துட்டிக்குப் போகலாம்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு அவனை ஒருநாள் கூட்டிப் போங்கள். கட்டபொம்மன் கோட்டையைப் பார்த்துவிட்டு, அந்தச் சண்டைகளில் செத்த கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) படையினரின் கல்லறைகளையும் பார்க்கட்டும். எதிரியின் கல்லறை, நம் மண். இடிக்காமல்தான் வைத்திருக்கிறோம்.

கே: தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்தாராம். பெயர் எங்காவது இருக்குமா?
– வாசகர், சேரன்மகாதேவி

ப: டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் தேட வேண்டாம், அதில் இருப்பவை 1947-க்குப் பிந்தைய பெயர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். யாங்கோன் அருகே தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள் உண்டு. சுடலைமுத்து என்பதை அந்தக் கால எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். கூடுதல் விவரப் பகுதியில் திருநெல்வேலியை ‘Tinnevelly’ என்ற பழைய ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். அப்பா பெயர் ஒத்துவந்தால் அவர்தான்.

ஒன்றை மட்டும் வீட்டில் விசாரித்துவிடுங்கள்: அவர் படையில் சேர்ந்தவரா, மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துப்போனவரா? இரண்டாவது என்றால் இந்தப் பட்டியலில் கிடைக்க மாட்டார்.